நட்சத்திரங்களின் சூட்டைக் கணக்கிட்ட மளிகைக் கடைக்காரர் மகன்

சூரியனை யாரும் நெருங்கிப் போய்ப் பார்க்க முடியாது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து பரிசோதிக்கவும் முடியாது. அப்படியிருந்தும் சூரியனில் சோடியம் இருக்கிறது, கால்சியம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது என்றும், அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி சென்டிகிரேட் சூடானது என்றும் பள்ளிப் பிள்ளைகள் கூடச் சொல்கிறார்கள். இது எப்படித் தெரிந்தது?

சூரிய ஒளியைப் பிரித்துப் படித்துத்தான் தெரிந்து கொண்டார்கள். ஆனால் அந்த ஒளியில் எழுதியிருப்பதைச் சரியாகப் படிப்பதற்கான இலக்கணம் நெடுநாள் இல்லாமல் இருந்தது. அதை 1920ஆம் ஆண்டில் வகுத்துத் தந்தவர் ஓர் இந்தியர். அப்போது அவருக்கு வயது 26. சொந்தமாக ஒரு தொலைநோக்கி கூட அவரிடம் இல்லை. கல்கத்தாவில் இருந்துகொண்டு, பிறர் எடுத்த அளவுகளை வைத்துக் கொண்டு, காகிதத்தில் போட்ட கணக்கு அது. அவர்தான் மேகநாத் சாஹா.

தட்டைக் கழுவும் நிபந்தனை

மேகநாத் சாஹா 1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி டாக்கா மாவட்டத்தில் சியோராதலி என்ற சிற்றூரில் பிறந்தார். அது இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. தந்தை ஜகந்நாத் சாஹாவுக்கு ஊரில் ஒரு சிறு மளிகைக் கடை. தாயார் புவனேஸ்வரி தேவி. எட்டுக் குழந்தைகளில் மேகநாத் ஐந்தாவது. எழுதப் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்தால் போதும், பையன் கடையில் உட்காரட்டும் என்பதே தந்தையின் எண்ணம்.

ஆனால் பையனின் படிப்பைக் கண்ட ஆசிரியர்கள் அவனை விட மனமில்லாமல் பெற்றோரிடம் பேசினார்கள். அடுத்த பள்ளிக்கூடம் பல மைல் தொலைவில் சிமுலியா என்ற ஊரில் இருந்தது. தினமும் நடந்து போய்வர முடியாத தூரம். அண்ணன் ஜெய்நாத் ஒரு சணல் கம்பெனியில் மாதம் 20 ரூபாய் சம்பளத்தில் இருந்தார். அதில் 5 ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினார். சிமுலியாவில் அனந்தகுமார் தாஸ் என்ற டாக்டர் தம் வீட்டில் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார். மாட்டைப் பார்த்துக் கொள்ள வேண்டும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சாஹாவின் குடும்பம் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியைச் சேர்ந்தது என்பதே தட்டு நிபந்தனைக்குக் காரணம். அந்த வீட்டிலிருந்து படித்த மேகநாத், நடுநிலைப் பள்ளித் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து மாதம் 4 ரூபாய் உதவித்தொகை பெற்றார்.

1905ல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். அது வங்காளத்தைக் கர்சான் பிரபு இரண்டாகப் பிரித்த ஆண்டு. கவர்னர் பாம்ஃபில்ட் ஃபுல்லர் பள்ளிக்கு வந்தபோது மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்று மேகநாத் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். உதவித்தொகையும் போயிற்று. கிஷோரிலால் ஜூபிலி பள்ளி அவரைச் சம்பளமின்றிச் சேர்த்துக் கொண்டது. 1909ல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்காள மாணவர்களில் முதலிடம் பெற்றார்.

1911ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர்களில் ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் இருந்தனர். வகுப்புத் தோழர்களில் சத்யேந்திரநாத் போஸ் இருந்தார். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. இரண்டிலும் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம். ஈடன் இந்து விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் சாஹாவுடன் சேர்ந்து உண்பதற்குச் சில மாணவர்கள் மறுத்தனர். தட்டு விவகாரம் சிமுலியாவோடு முடிந்துவிடவில்லை.

படிப்பு முடிந்ததும் அரசாங்க நிதித்துறைப் பரீட்சை எழுத விரும்பினார். குடும்பத்துக்கு அது நிலையான வருமானமாக இருந்திருக்கும். புரட்சிக்காரர்களோடு பழக்கம் உள்ளவர் என்று காரணம் காட்டி, பரீட்சை எழுத அனுமதி மறுக்கப்பட்டது. நிதித்துறை இழந்த அந்த உத்தியோகஸ்தரை விஞ்ஞானம் பெற்றுக் கொண்டது. 1916ல் அஷுதோஷ் முகர்ஜி அவரைக் கல்கத்தா பல்கலைக் கழக விஞ்ஞானக் கல்லூரியில் விரிவுரையாளராக நியமித்தார்.

உப்பும் அயனியும்

சாஹாவின் கண்டுபிடிப்பைப் புரிந்துகொள்ள அவருடைய தந்தையின் கடையில் மூட்டையில் இருந்த உப்பிலிருந்தே தொடங்கலாம்.

உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்தது. சோடியம் அணுவின் நடுவில் 11 புரோட்டான்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி 11 எலெக்ட்ரான்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. உள்ளடுக்கில் 2, அடுத்ததில் 8, வெளியே தனியாக ஒன்று. குளோரினுக்கு 17 எலெக்ட்ரான்கள். அதன் வெளியடுக்கில் 7 உள்ளன. இன்னும் ஒன்று கிடைத்தால் 8 ஆகி நிறைந்துவிடும். இரண்டும் சேரும்போது சோடியத்தின் தனி எலெக்ட்ரான் குளோரினுக்குப் போய்விடுகிறது. எலெக்ட்ரானுக்கு எதிர் மின்சாரம். ஆகவே ஒன்றை இழந்த சோடியம் நேர்மின்சாரம் உடையதாகவும், ஒன்றைப் பெற்ற குளோரின் எதிர்மின்சாரம் உடையதாகவும் ஆகின்றன. இப்படி எலெக்ட்ரானை இழந்த அல்லது பெற்ற அணுவுக்குத்தான் அயனி என்று பெயர். ஆங்கிலத்தில் 1834ல் இதற்குப் பெயர் கொடுத்தவர் ஃபாரடே. மின்சாரம் பாய்ந்த கரைசலில் ஏதோ ஒன்று இரு முனைகளையும் நோக்கிப் போவதைக் கண்ட அவர், செல்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்துக் கொண்டார்.

சோடியம் தன் எலெக்ட்ரானைச் சும்மா கொடுத்துவிடுவதில்லை. அதைப் பிய்த்தெடுக்க ஒரு விலை உண்டு. அந்த விலையை விஞ்ஞானிகள் வோல்ட் கணக்கில் சொல்வார்கள். சோடியத்துக்கு 5.1, பொட்டாசியத்துக்கு 4.3, கால்சியத்துக்கு 6.1, ஹைட்ரஜனுக்கு 13.6, ஹீலியத்துக்கு 24.6. குளோரின் எலெக்ட்ரானை வாங்கிக் கொள்ளும்போது 3.6 திரும்பக் கிடைக்கிறது. சோடியத்தின் விலையோடு பார்த்தால் 1.5 குறைகிறது. எதிரெதிர் மின்சாரம் கொண்ட இரு அயனிகளும் ஒன்றையொன்று இழுத்து நெருங்கும்போது வெளிப்படும் சக்தி அந்தக் குறையை ஈடுகட்டி, மிச்சமும் வைக்கிறது. அதனால்தான் உப்பு இவ்வளவு உறுதியாக இருக்கிறது.

உப்பில் கொடுப்பவரும் வாங்குபவரும் அருகருகே இருக்கிறார்கள். சூரியனின் மேற்பரப்பில் அப்படி இல்லை. அங்கே அணுக்கள் வாயுவாக அதிவேகத்தில் ஓடி மோதிக் கொள்கின்றன. சூடு அதிகமாக அதிகமாக மோதலும் கடுமையாகி, எலெக்ட்ரான் கழன்று தனியே அலைகிறது. அலைகிற எலெக்ட்ரான் வழியில் ஓர் அயனியைச் சந்தித்தால் மறுபடி ஒட்டிக் கொள்கிறது. கழலுவதும் ஒட்டுவதும் ஓயாமல் நடக்கின்றன. ஒரு குறிப்பிட்ட சூட்டில் நூற்றுக்கு எத்தனை அணுக்கள் எலெக்ட்ரானை இழந்த நிலையில் இருக்கும்? இதுதான் கேள்வி. 1920க்கு முன் இதற்கு யாரிடமும் முழுமையான விடை இல்லை.

புரியாத கோடுகள்

அடுப்பு நெருப்பில் உப்பு நீர் தெறித்தால் சுடர் மஞ்சளாகும். அது சோடியத்தின் அடையாளம். அதுபோல ஒவ்வொரு மூலகத்துக்கும் தனித்தனி நிறக்கோடுகள் உண்டு. சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்தால் அந்தக் கோடுகள் கறுப்பாகத் தெரியும். எலெக்ட்ரானை இழந்த அணு வேறு கோடுகளைத் தரும். அது பெயர் மாறிய ஆள் போல.

இதில் பல புதிர்கள் இருந்தன. முழுச் சூரிய கிரகணத்தின்போது விளிம்பில் தெரியும் நிறமண்டலத்தில், சாதாரணக் கால்சியத்தின் கோடு 5,000 கிலோமீட்டர் உயரம் வரை தெரிந்தது. எலெக்ட்ரான் இழந்த கால்சியத்தின் கோடுகளோ 14,000 கிலோமீட்டர் உயரத்திலும் தெரிந்தன. மேலே போகப் போகச் சூடு குறைய வேண்டும் என்றுதான் அன்று நினைத்தனர். குறைந்த சூட்டில் அதிக அயனிகள் எப்படி வந்தன? இரண்டாவது புதிர், ரூபிடியமும் சீசியமும். பூமியில் உள்ள இந்த உலோகங்களின் அடையாளம் சூரிய ஒளியில் காணப்படவே இல்லை. மூன்றாவது, நட்சத்திரங்கள். ஹார்வர்டு வானாய்வகத்தில் லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்து வகை வகையாக அடுக்கி வைத்திருந்தார்கள். சிலவற்றில் ஹைட்ரஜன் கோடுகள் மிகுதி, சிலவற்றில் உலோகக் கோடுகள் மிகுதி. ஒவ்வொரு நட்சத்திரமும் வெவ்வேறு சரக்கால் ஆனதோ என்ற ஐயம் இருந்தது.

சாஹாவுக்கு வானவியலில் ஆர்வம் ஏற்படுத்தியவை ஆக்னஸ் கிளார்க் என்ற ஐரிஷ் பெண்மணி எழுதிய புத்தகங்கள். தாம் கல்லூரியில் படிக்காத வெப்பவியலை மாணவர்களுக்குக் கற்பிக்க நேர்ந்ததால், அதைத் தாமே ஆழமாகப் படித்தார். டாக்காவில் கற்ற ஜெர்மன் மொழியும் கைகொடுத்தது. அவரும் சத்யேந்திரநாத் போஸும் ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். கல்கத்தா பல்கலைக் கழகம் அதை 1920ல் வெளியிட்டது. அதே விஞ்ஞானக் கல்லூரியில்தான் சி.வி.ராமன் 1917 முதல் பாலித் பேராசிரியராக இருந்தார்.

அச்சுக்கூலி இல்லாத கட்டுரை

1917ல் சாஹா ஒளியின் அழுத்தம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி அமெரிக்காவின் வானியல் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். சூரிய ஒளி எல்லா அணுக்களையும் ஒரே மாதிரி தள்ளுவதில்லை. எந்த அணு எந்த நிற ஒளியை ஏற்குமோ அந்த ஒளியே அதை உந்தி மேலே தூக்குகிறது என்பது அதன் கருத்து. கட்டுரை நீளமானது, அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஆசிரியர் ஏற்றால் போடலாம் என்று பதில் வந்தது. சைக்கிளில் தெருத் தெருவாகப் போய் டியூஷன் சொல்லிக் கொடுத்துக் குடும்பம் நடத்தியவர் சாஹா. அந்தத் தொகைக்கு அவர் எங்கே போவார்? அப்பத்திரிகையில் ஒரு சிறு குறிப்பு மட்டுமே 1919ல் வெளியாயிற்று. முழுக் கட்டுரை கல்கத்தா பல்கலைக் கழக வெளியீட்டில் வந்தது. அது வெளிநாட்டு விஞ்ஞானிகள் கைக்கு எளிதில் போகாத இதழ். பின்னாளில் இதே கருத்து வேறு பெயர்களோடு பேசப்பட்டபோது சாஹா மனம் வருந்தியது உண்டு.

காளவாய்க் கணக்கு

இந்த நிலையில்தான் ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் எகர்ட் என்பவர் எழுதிய கட்டுரை அவர் கண்ணில் பட்டது. நட்சத்திரங்களின் உள்ளே அணுக்கள் எலெக்ட்ரானை இழப்பதை, ஒரு ரசாயன மாற்றம் போலக் கணக்கிட எகர்ட் முயன்றிருந்தார். ஆனால் எலெக்ட்ரானின் விலையைப் பரிசோதனையில் அளந்த எண்ணாக அவர் எடுத்துக் கொள்ளவில்லை. சாஹா அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டார். அந்த விலை ஆய்வுக்கூடங்களில் அளந்து அட்டவணையாகக் கிடைக்கும்போது அதையே ஏன் போடக் கூடாது?

சுண்ணாம்புக் காளவாயில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சுண்ணாம்புக்கல் சூட்டில் சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. வாயு வெளியே போய்க் கொண்டிருந்தால் கல் பூராவும் வெந்து சுண்ணாம்பாகும். வாயுவை வெளியே விடாமல் அடைத்து வைத்தால் அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் கல் பிரிவது நின்றுவிடும். எவ்வளவு சூட்டில், எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு பிரியும் என்பதற்கு ரசாயனத்தில் சூத்திரம் உண்டு. சாஹா கல்லின் இடத்தில் கால்சியம் அணுவை வைத்தார். சுண்ணாம்பின் இடத்தில் கால்சியம் அயனியை வைத்தார். வாயுவின் இடத்தில் எலெக்ட்ரான்களை வைத்தார். எரிப்பதற்கான வெப்பத்தின் இடத்தில் அந்த 6.1 வோல்ட் விலையை வைத்தார். சூத்திரம் தயாராகிவிட்டது.

அதன்படி முதல் புதிர் உடனே அவிழ்ந்தது. 6,000 டிகிரி வெப்பத்தில், நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அளவு அழுத்தம் இருந்தால், கால்சிய அணுக்களில் நூற்றுக்கு 8தான் எலெக்ட்ரானை இழக்கும். அதே வெப்பத்தில் அழுத்தம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், நூற்றுக்கு 93 இழந்துவிடும். காரணம் எளிது. நெருக்கம் குறைந்த இடத்தில், கழன்ற எலெக்ட்ரான் மறுபடி ஓர் அயனியைச் சந்திப்பது அரிது. நிறமண்டலத்தில் உயரே போகப் போக வாயு மெலிகிறது. ஆகவே அயனிகள் பெருகுகின்றன. சூட்டை மட்டுமே பார்த்தவர்களுக்கு அழுத்தத்தின் பங்கு தெரியாமல் இருந்தது.

நட்சத்திரங்களின் புதிரும் அதே சூத்திரத்தில் அடங்கியது. சூடு குறைந்த நட்சத்திரத்தில் உலோக அணுக்கள் முழுமையாக இருக்கும். சூடு ஏற ஏற விலை குறைந்தவை முதலில் எலெக்ட்ரானை இழக்கும், விலை கூடியவை பிறகு இழக்கும். 24.6 வோல்ட் கேட்கும் ஹீலியத்தின் அயனி மிக மிகச் சூடான நட்சத்திரங்களில்தான் தெரியும். கோடுகள் வேறுபடுவதற்கு முக்கியக் காரணம் சூடு, சரக்கு அல்ல. எந்தக் கோடு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று பார்த்தால் நட்சத்திரத்தின் சூட்டைச் சொல்லிவிடலாம். முதல் கட்டுரை 1920 அக்டோபரில் லண்டனிலிருந்து வெளிவந்த ஒரு புகழ்பெற்ற பௌதிகப் பத்திரிகையில் வெளியாயிற்று.

வில்சன் மலைக்கு ஒரு கடிதம்

சாஹா இங்கிலாந்து சென்றபோது லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆல்ஃபிரட் ஃபௌலரின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. நட்சத்திர ஒளி பற்றிய ஏராளமான அளவுகள் அங்கே இருந்தன. அவற்றைக் கொண்டு தம் இரண்டாவது பெரிய கட்டுரையைத் திருத்தி எழுதினார். 1921ல் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது. பின்னர் பெர்லினில் நெர்ன்ஸ்ட்டின் ஆய்வுக்கூடத்துக்கும் சென்றார்.

சூத்திரம் சரியா என்று சோதிக்க ஒரு வழி இருந்தது. ரூபிடியத்தின் விலை 4.2, சீசியத்தின் விலை 3.9. மிகவும் மலிவு. சூரியனின் சூட்டில் அவை அநேகமாக முழுவதும் எலெக்ட்ரானை இழந்திருக்கும். அதனால்தான் அவற்றின் வழக்கமான கோடுகள் தெரியவில்லை என்றார் சாஹா. அப்படியானால் சூரியப் புள்ளிகளில் பார்க்க வேண்டும். சுற்றுப்புறத்தைவிட அங்கே ஆயிரம் டிகிரிக்கும் மேல் சூடு குறைவு. அங்கே சில அணுக்களாவது முழுமையாக இருக்கும். ஆனால் அதைப் பார்ப்பதற்கான பெரிய கருவி அமெரிக்காவின் வில்சன் மலையில் இருந்தது. சாஹா அங்கு எழுதிக் கேட்டார். கணிப்பைச் சோதித்தவர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் என்ற அமெரிக்க வானவியலாளர். சூரியப் புள்ளிகளின் ஒளியில் ரூபிடியத்தின் கோடு இருக்கத்தான் செய்தது.

சூத்திரம் வென்றது. ஆனால் அதைக் கண்டவர் தம் கையால் சோதிக்க முடியவில்லை. கணக்கு நம்முடையது, கருவி பிறருடையது என்ற இந்தக் குறை சாஹாவின் மனதில் ஆழமாகப் பதிந்தது. அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதையும் இந்தக் குறையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

சூத்திரம் போன தூரம்

1923ல் கேம்பிரிட்ஜில் ரால்ஃப் ஃபௌலரும் மில்னும் சாஹாவின் முறையைச் செம்மைப்படுத்தினர். 1925ல் ஹார்வர்டில் செசிலியா பெய்ன் என்ற 25 வயதுப் பெண் இந்தச் சூத்திரத்தைக் கொண்டு நட்சத்திரங்களின் சரக்கைக் கணக்கிட்டார். ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் மிகப் பெரும் பங்கு என்று விடை வந்தது. இது நம்ப முடியாதது என்று ரஸ்ஸல் கருத்துக் கூறியதால், அந்த விடை உண்மையாக இராது என்று அவரே தம் ஆய்வேட்டில் எழுத நேர்ந்தது. 1929ல் ரஸ்ஸல் வேறு வழியில் அதே விடைக்கு வந்து சேர்ந்தார். பிரபஞ்சம் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனது என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

சாஹா அறிந்திராத விஷயங்களும் பின்னர் வெளிப்பட்டன. சூரியனின் வெளிமண்டலம் உயரே போகப் போகக் குளிர்வதில்லை, பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது என்பது 1940ஐ ஒட்டித் தெரிந்தது. 26 எலெக்ட்ரான் கொண்ட இரும்பு அங்கே 13ஐ இழந்து நிற்கிறது. அவ்வளவு மெலிந்த வாயுவுக்குச் சாஹாவின் சூத்திரம் அப்படியே பொருந்தாது. ஆனால் நட்சத்திரங்களின் மேற்பரப்பைக் கணக்கிடுகிறவர்கள் இன்றும் அதில்தான் தொடங்குகிறார்கள்.

இங்கே தமிழர் ஒருவரின் பங்கும் உண்டு. சூரியனில் அணுக்கள் எலெக்ட்ரானை இழப்பது மட்டுமல்ல, பெறுவதும் உண்டு. சோடியம், கால்சியம், இரும்பு போன்ற உலோகங்கள் இழந்த எலெக்ட்ரான்களில் சிலவற்றை ஹைட்ரஜன் அணு வாங்கிக் கொண்டு எதிர் அயனி ஆகிறது. மிகவும் தளர்ந்த பிடிப்பு அது, விலை 0.75 வோல்ட்தான். ஆயினும் நம் கண்ணுக்குத் தெரியும் சூரிய ஒளியில் பெரும்பகுதி இந்த எதிர் அயனிகளின் மூலமே வருகிறது. இந்த அயனி ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதை 1940களில் நம்பகமாகக் கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.சந்திரசேகர். கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனை ஊதா ஒளியில் எடுத்த படங்களும், சாஹா கணக்குப் போட்ட அந்தக் கால்சியம் அயனியின் ஒளியில் எடுத்தவையே.

கருவிகளைத் தேடி

நாடு திரும்பிய சாஹா 1923ல் அலகாபாத் பல்கலைக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார். பாடம் நடத்தும் வேலை மிகுதி; ஆய்வுக்கூடத்தில் கருவிகள் குறைவு; பணமோ அதைவிடக் குறைவு. 1927ல் ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகுதான் மாகாண அரசு ஆராய்ச்சிக்கென ஆண்டுக்கு 5,000 ரூபாய் ஒதுக்கியது. பல முறை பரிந்துரைக்கப்பட்டும் நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அலகாபாத்தில் அவர் உருவாக்கிய மாணவர்களில் டி.எஸ்.கோத்தாரி போன்றவர்கள் பின்னாளில் நாட்டின் கல்வித் துறைக்கே வழிகாட்டினர். 1938ல் அவர் விட்டுச் சென்ற அந்தப் பேராசிரியர் பதவிக்கு 1942ல் வந்தவர், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன்.

1936ல் வெளிநாட்டுப் பயணம் சென்றபோது கலிபோர்னியாவில் லாரன்ஸின் சைக்ளோட்ரானைப் பார்த்தார். எலெக்ட்ரானை இழந்த அணுக்களைக் காந்தப் புலத்தில் சுழல விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைக் கூட்டும் இயந்திரம் அது. அயனிகளைக் காகிதத்தில் எண்ணியவருக்கு, அவற்றைக் கையாளும் கருவி ஒன்று இந்தியாவில் வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை. கல்கத்தாவுக்குப் பாலித் பேராசிரியராகத் திரும்பியதும் மாணவர் நாக் சௌதுரியை லாரன்ஸிடம் பயிற்சிக்கு அனுப்பினார். டாட்டா அறக்கட்டளை பணம் கொடுத்தது. யுத்தம் மூண்டதால், வெற்றிடப் பம்புகளை ஏற்றி வந்த கப்பல் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. சைக்ளோட்ரான் ஒழுங்காக ஓடுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. ஆனால் அதற்காக அவர் எழுப்பிய அணு பௌதிக நிலையம் 1950 ஜனவரியில் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் மேரி கியூரியின் மகள் ஐரீன் ஜோலியோ கியூரி. அந்த நிலையம் இன்று சாஹாவின் பெயரைத் தாங்கிக் கல்கத்தாவில் நடைபெற்று வருகிறது.

வெள்ளமும் நாடாளுமன்றமும்

ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்டவர் அல்ல அவர். 1922ல் வடக்கு வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது பிரபுல்ல சந்திர ராயுடன் நிவாரணப் பணி செய்தார். 1943ல் தாமோதர் நதி பெருக்கெடுத்ததை அடுத்து அமைந்த விசாரணைக் குழுவில் இடம் பெற்று, அணைகளைக் கட்டி வெள்ளத்தைத் தடுத்து மின்சாரமும் எடுக்கும் திட்டத்துக்கு வழிவகுத்தவர்களில் ஒருவரானார். 1948ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் பிறந்தது. 1938ல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது, தேசியத் திட்டக் குழு அமையத் தூண்டியவர்களிலும் சாஹா முக்கியமானவர்.

1952 பொதுத் தேர்தலில் கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் நின்று மக்களவைக்குச் சென்றார். அணுசக்தித் துறை மூடு மந்திரமாக நடக்கக் கூடாது, பல்கலைக் கழகங்களில் ஆராய்ச்சி வளர வேண்டும் என்பதற்காக அரசோடு வாதாடினார். பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகவும் இருந்தார். அக்குழு பரிந்துரைத்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதைக் காண அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16ஆம் தேதி புதுடில்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 62.

2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சூரியனை ஆராய ஆதித்யா எல்-1 கலம் ஏவப்பட்டது. அதில் புனே விஞ்ஞானிகள் உருவாக்கிய தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. எலெக்ட்ரான் இழந்த கால்சியத்தின் ஒளியிலும், எலெக்ட்ரான் இழந்த மக்னீசியத்தின் ஒளியிலும் அது சூரியனைப் படம் எடுக்கிறது. ரூபிடியத்தின் கோட்டைத் தேடிப் பார்க்கும்படி வில்சன் மலைக்கு ஓர் இந்தியர் கடிதம் எழுதி, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.